பவளத்துக்கு எத்தனை அங்குலம்?

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்களிடையே இரண்டு விதிகள் வேதவாக்காகப் புழங்குகின்றன. ஒன்று, எந்தப் பவளத்துக்கும் அடுத்த பவளத்துக்கும் நடுவே ஆறு அங்குலம் விட வேண்டும். மற்றொன்று, அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் இனங்கள் (பாலிப் என்பது பவளக் கூட்டத்தின் ஒவ்வொரு தனி உயிர்) பாறையின் உச்சியில், பெரிய பாலிப் இனங்கள் இடையில், மென்பவளங்கள் அடிவாரத்தில். இரண்டாவதில் பெரிய குறை காண முடியாது. விளக்குக்கு அருகே ஒளியும் நீரோட்டமும் அதிகம். ஒளிமானி PAR அளவில் 300 காட்டும் இடத்தில் அக்ரோபோரா நிறம் ஏறி நிற்கும், பெரிய பாலிப் இனமான ஹேமர் பவளத்துக்கோ 100 காட்டும் இடமே தாராளம். முதல் விதிதான் எளிமையைக் காட்டி ஆளை ஏமாற்றுகிறது.

அதன் நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். பவளம் செடி மாதிரி தோன்றினாலும் பிராணி. வேறு இனம் வந்து உரசினால் சும்மா இராது. 1970-களின் தொடக்கத்தில் ஜூடித் லாங் என்ற ஆய்வாளர் ஜமைக்காவில் வெவ்வேறு இனப் பவளங்களை ஒட்டி வைத்துப் பார்த்தார். வலிய இனம் தன் குடலிழைகளை உடலுக்கு வெளியே தள்ளி, பக்கத்து இனத்தின் சதையை அது இருக்கும் இடத்திலேயே செரித்துவிட்டது. எஞ்சியது வெள்ளை எலும்புக்கூடு. எந்த இனம் எதை வெல்லும் என்று வரிசைப்படுத்தவும் முடிந்தது. இந்த இழைகள் அதிக தூரம் எட்டுவதில்லை. ஆகவே இந்த ஒரு ஆயுதத்துக்கு ஆறு அங்குலம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

ஆனால் பவளத்திடம் இருப்பது ஒரே ஆயுதமல்ல. கேலக்ஸியா என்ற இனம் பகலில் பச்சை நட்சத்திரங்கள் ஒட்டிய உருண்டையாக, பரம சாதுவாக இருக்கும். விளக்கணைந்து சில மணி நேரம் கழித்துச் சிவப்பு ஒளியில் பாருங்கள்: நுனி வெளுத்த மெல்லிய இழைகள் அதனிடமிருந்து கிளம்பி, ஓட்டம் போகும் பக்கமெல்லாம் அலைந்துகொண்டிருக்கும். ‘ஸ்வீப்பர்’ என்கிறார்கள், ஓர் அடி நீளம்கூட வரும். ஓட்டத்துக்கு மேற்புறம் இரண்டு அங்குலத்தில் இருப்பது தப்பிவிடலாம், கீழ்ப்புறம் எட்டு அங்குலத்தில் இருப்பது மாட்டிக்கொள்ளலாம். ஓட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரைக் கொஞ்சம் திருப்பிவைத்தால் போதும், ஆபத்து வேறு பக்கம் போய்விடும். எல்லாத் திசைக்கும் ஒரே அளவு சொல்லும் விதி இதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

இடைவெளி தேவையே இல்லாத இடத்திலும் இதே விதி இடத்தை வீணாக்குகிறது. டார்ச், ஹேமர், ஃபிராக்ஸ்பான் மூன்றும் கடைகளில் யூஃபைலியா என்ற ஒரே பெயரில் விற்பனையாகின்றன. ஹேமரும் ஃபிராக்ஸ்பானும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வளரும். டார்ச்சை இடையில் செருகினால் பெரும்பாலும் மற்ற இரண்டும் அடிபடும். வளர்ப்பவர்கள் இதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். 2017-இல் வந்த மரபணு ஆய்வு ஹேமரையும் ஃபிராக்ஸ்பானையும் ஃபிம்பிரியாஃபைலியா என்ற பேரினத்துக்கு மாற்றி, டார்ச்சைப் பழைய பெயரிலேயே விட்டது. சண்டையைப் பற்றிய ஆய்வல்ல அது. ஆனாலும் கோடு அதே இடத்தில் விழுந்தது. நெல்லுக்கு நண்டோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட என்று நம்மூரில் பயிருக்குப் பயிர் அளவு சொல்லி வைத்தார்கள். தொட்டிக்காரர்கள் மூன்றுக்கும் ஒரே கயிற்றைப் பிடிக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை தண்ணீரில் இருக்கிறது. சினுலேரியா, லெதர் போன்ற மென்பவளங்கள் டெர்பீன் வகை நச்சுகளைக் கசியவிடுபவை. 1980-களில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் சமார்கோ என்ற ஆய்வாளரும் சகாக்களும் இவற்றைக் கடினப் பவளங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, தொடாமலே சேதம் விளைந்தது. கடலில் அலை வந்து நச்சைக் கரைத்துக்கொண்டு போகும். 200 லிட்டர் தொட்டியில் அதே தண்ணீர்தான் பம்பில் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒன்றை இடது கோடியிலும் மற்றதை வலது கோடியிலும் வைத்து என்ன பயன்? இங்கே கைகொடுப்பவை ஆக்டிவேட்டட் கார்பனும் ஒழுங்கான நீர்மாற்றமும்தான். சண்டையே தெரியாமல் பவளம் சுருங்கிப்போனால், இடைவெளியைச் சரியாக விட்டவருக்குக் காரணம் புரியாது. பூச்சி, உப்பு, விளக்கு என்று எதையெதையோ மாற்றிக்கொண்டிருப்பார்.

வளர்ச்சி விஷயம் தெரிந்ததுதான், ஆனாலும் மறந்துவிடுகிறது. வாங்கும்போது ஃபிராக், அதாவது வெட்டி விற்கும் துண்டு, கட்டைவிரல் அளவு. தட்டாகப் படரும் மான்டிபோராவை அந்த அளவை வைத்து உச்சியில் ஒட்டிவிட்டால், பின்னால் அது குடை விரித்துக் கீழே இருப்பவற்றின் ஒளியை மறைக்கும். அளக்க வேண்டியது நாளைய விளிம்பிலிருந்து.

இத்தனைக்குப் பிறகும் விதியைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். இனத்தின் பெயர்கூடத் தெரியாமல் தொடங்குபவருக்கு ஓர் எண் நினைவில் நிற்கும். இடைவெளி இருந்தால் கழிவு தேங்காது. கத்தரித்துவிடக் கையும் நுழையும். (இந்திய வாசகருக்குக் கடினப் பவளம் வெறும் படிப்பறிவாக நிற்பதே நல்லது: 2001-இலேயே அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்துவிட்டன; மன்னார் வளைகுடாவில் ஒரு கிளையை ஒடித்தாலும் குற்றம்.) என் குறையெல்லாம் வரிசை பற்றியது. அங்குலத்தைக் கேட்பதற்கு முன் இந்த இரண்டும் ஒரே தண்ணீரில் இருக்கலாமா என்று கேட்க வேண்டும், பிறகு ஓட்டம் யாரிடமிருந்து யாரிடம் போகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்கேல் அதற்குப் பிறகுதான். பச்சைப் பாயாகப் படரும் ஸ்டார் பாலிப்புக்கு அந்த ஸ்கேலும் உதவாது. ஒரே பாறையில் எவ்வளவு தள்ளி வைத்தாலும் ஊர்ந்து வந்து சேரும். மணலுக்கு நடுவே தனிக் கல்லில் விட்டுவிட வேண்டியதுதான்.