குதிரையின் பாதி எங்கே? - மக்ரித்தின் ஓர் ஓவியம் குறித்து

ரெனே மக்ரித் 1965இல் வரைந்த ‘ல ப்ளான் ஸேன்’ பற்றிப் பேச்செடுத்தால் ‘கனவு மாதிரி’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கனவு என்று பெயர் சூட்டுவது கேள்விகளைத் தூங்கப்போடுகிற வேலை. இதில் கனவு எங்கே இருக்கிறது? காடு, மரங்கள், குதிரைமேல் ஒரு பெண். உருகும் கடிகாரமெல்லாம் கிடையாது. சுவர்த்தாள் தொழிற்சாலையிலும் விளம்பரப் படங்களிலும் பழகிய கை, பாடப்புத்தகப் படம்போல துப்புரவாக வரைந்திருக்கிறது. கலைந்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: எது முன்னால், எது பின்னால் என்கிற ஒழுங்கு. பின்னால் நிற்க வேண்டிய மரம் குதிரைக்கு முன்னால் வருகிறது. முன்னால் நிற்கிற மரத்தின்மேலேயே அவள் வரையப்பட்டிருக்கிறாள். குதிரையின் உடலில் ஒரு செங்குத்துப் பட்டை அளவுக்குக் காணோம். அங்கே தூரத்து இலைத்தழைகள் தெரிகின்றன.

காட்டுக்குள் குதிரையில் போகிறவர் தெரிவார், மறைவார். மறைந்தபோதும் அங்கேதான் இருக்கிறார் என்று நமக்குத் தெரியும். மக்ரித் தரும் விளக்கம் இவ்வளவுதான். சரி. ஆனால் தலைப்பு வேறெங்கோ இழுக்கிறது. ப்ளான் ஸேன் என்றால் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு, விஷயத்தை எதிராளி நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிற தாள். வட்டிக்கடையில் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓவியத்தின் முன் நாமும் அதைத்தான் செய்கிறோம். உடல் அறுந்த குதிரை நடப்பதாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். சுமக்கிற உடம்பில் ஓட்டை. மேலே உட்கார்ந்திருப்பவளின் நிமிர்வு மட்டும் குலையவில்லை. அவள் விழாமலிருப்பது நம் பார்வைப் பழக்கத்தின் தயவில்.

மறுமலர்ச்சிக் காலம் தொட்டு ஐரோப்பிய ஓவியம் பார்ப்பவனை ஓரிடத்தில் நிறுத்தி, எதிரே உள்ளதையெல்லாம் அவன் சொத்துப்போல அடுக்கிக் கொடுத்தது. அந்த அடுக்கில்தான் இங்கே கை வைக்கப்பட்டிருக்கிறது. எனவே இதை வெறும் வடிவச் சேட்டை என்று ஒதுக்குகிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. (மக்ரித் 1945இல் பெல்ஜியக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார் என்பதற்காகச் சொல்லவில்லை. அது வேறு கதை.)

ஆனால் ஒன்று. இந்த ஓவியம் வாஷிங்டனிலுள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு வந்தது பால் மெலன் தம்பதியின் சேகரிப்பிலிருந்து. மெலன் வங்கிக் குடும்பத்து வாரிசு. அந்தக் கலைக்கூடத்தை நிறுவியதே அவர் தந்தை. மகன் பந்தயக் குதிரைகள் வளர்த்தவர். 1971இல் எப்சம் டெர்பியை வென்ற மில் ரீஃப் அவருடையதுதான். லாயத்தில் முழுக் குதிரைகள், சேகரிப்பில் இந்த அறுந்த குதிரை. அந்த ஓட்டையை அவர் எதைக்கொண்டு நிரப்பிப் பார்த்தாரோ.