காத்திருக்கும் கணவன்: ‘தி லேடி’ திரைப்படத்தில் பிரிவும் கடமையும்

முன்னுரை

சுங்கை பூலோவில் வாழும் நமக்குப் பிரிவு என்பது ஏட்டில் மட்டும் படித்த துறையன்று. 1930இல் இங்குத் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பில் நோயாளர்கள் தமக்குள் மணம் செய்துகொண்டனர். ஆயினும் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். இவ்வூர்ச் சிறைச்சாலையில் அன்வார் இப்ராஹிம், 2004இலும் 2018இலும் முடிவுற்ற இரு சிறைவாசங்களின்போது அடைக்கப்பட்டிருந்தார். அக்காலங்களில் அவர்தம் துணைவியார் வான் அசிசா குடும்பத்தையும் கட்சியையும் ஒருசேரத் தாங்கினார். ஆகவே, அரசியல் தலைவர் ஒருவரின் மணவாழ்வைப் பேசும் திரைப்படத்தை நாம் வெறும் பொழுதுபோக்காகக் கருதிவிட இயலாது. அவ்வகையில், லுக் பெசோன் இயக்கத்தில் 2011இல் வெளிவந்த ‘தி லேடி’ என்னும் படம் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஈப்போவில் பிறந்த மிச்செல் இயோ, மியன்மார்த் தலைவர் ஆங் சான் சூகியாகவும், டேவிட் தியூலிஸ் அவர்தம் கணவர் மைக்கேல் ஏரிஸாகவும் இதில் நடித்துள்ளனர்.

கதைப்பொருள்

சூகியும் ஏரிஸும் 1972ஆம் ஆண்டின் முதல் நாளில் மணந்தனர். திருமணத்திற்கு முன்பே, தம் மக்களுக்குத் தாம் தேவைப்படும் நாள் வந்தால் அக்கடமைக்குத் துணைநிற்க வேண்டும் என்று அவர் ஏரிஸுக்குக் கடிதம் எழுதியிருந்தார். 1988இல் நோயுற்ற தாயைப் பேணுவதற்காக ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ரங்கூன் சென்றார். அவ்வாண்டு மக்கள் எழுச்சி அவரைத் தலைவராக்கியது. 1989 சூலையில் வீட்டுக் காவல் தொடங்கியது. 1995ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலமே கணவனும் மனைவியும் இறுதியாகச் சந்தித்த காலம். புற்றுநோயுற்ற ஏரிஸுக்கு விசா மறுக்கப்பட்டது. சூகி வெளியேறலாம், ஆனால் வெளியேறினால் திரும்ப இயலாது என்பதே அவர்முன் இருந்த நிலை. 1999 மார்ச் 27இல், தம் 53ஆம் பிறந்த நாளில், ஏரிஸ் காலமானார்.

திணை மாற்றம்

பிரிவுக்குரிய காரணங்களாக ஓதல், தூது, பகை, பொருள் முதலியவற்றைத் தொல்காப்பியம் வகுக்கிறது. இவற்றில் பிரிபவன் தலைவன்; ஆற்றியிருப்பவள் தலைவி. பெண்ணோடு கடல்கடந்து செல்லுதல் இல்லை என்பதும் அந்நூல் கூறும் மரபாகும். இப்படத்திலோ கடல்கடந்து சென்று மீளாதிருப்பவள் தலைவி. ஆக்ஸ்ஃபோர்டு இல்லத்தில் இரு மைந்தரையும் வைத்துக்கொண்டு காத்திருப்பவன் தலைவன். முல்லைக்குரிய இருத்தல் ஆணுக்கு உரியதாகிறது. இந்த இடமாற்றமே படத்தின் தலையாய சிறப்பு என்பது நம் கருத்து.

தியூலிஸின் நடிப்பு இதற்குத் துணைபுரிகிறது. அவர் அழுது புலம்புவதில்லை. சமையலறையில் நிற்கிறார், தொலைபேசியருகே அமர்கிறார், விண்ணப்பங்கள் எழுதுகிறார். காத்திருத்தலும் ஓர் உழைப்பே என்பதை இக்காட்சிகள் உணர்த்துகின்றன. 1991 திசம்பரில் மைந்தர் இருவரும் ஓஸ்லோவில் தாயின் சார்பில் நோபல் பரிசைப் பெறும் காட்சியும் இத்தகையதே. ரங்கூன் வீட்டில் தனித்திருக்கும் சூகி, வானொலி வழியே விழாவைக் கேட்டுத் தம் பியானோ இசையை அவ்விழா இசையோடு இணைக்கிறார். உடல்கள் கூட இயலாத குடும்பம் ஒலியால் ஒரு கணம் கூடுகிறது.

குறைகள்

எனினும், படத்தின் வலிமையே அதன் வழுவாகவும் அமைகிறது. ஏரிஸின் நோய் தொடக்கத்திலேயே நமக்கு அறிவிக்கப்படுகிறது. அதன்பின் வரும் ஒவ்வோர் அரசியல் நிகழ்வும் தம்பதியர் சந்திப்புக்குத் தடையா, துணையா என்னும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுகிறது. 1990 தேர்தலில் சூகியின் கட்சி 392 இடங்களை வென்ற வரலாறும் இக்காதலின் பின்புலமாகச் சுருங்குகிறது. மக்கள் பெரும்பாலும் திரளாகவே வருகின்றனர். அத்திரளிலும் கணவர் உண்டு, மனைவியர் உண்டு. சிறைப்பட்ட கட்சித் தொண்டர்களின் இல்லங்களிலும் பிள்ளைகள் காத்திருந்தனர். வெளியேறலாமா, தங்கலாமா என்று தெரிவு செய்யும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை. ஒரு பிரிவை மட்டும் ஒளியில் நிறுத்தும்போது ஏனைய பிரிவுகள் இருளில் மறைகின்றன.

இங்கு நம் நாட்டுத் தலைவரைப் பற்றிய ‘அன்வார்: தி அன்டோல்டு ஸ்டோரி’ என்னும் படத்தையும் ஒப்புநோக்கலாம். விவா வெஸ்தி இயக்கி 2023இல் வெளிவந்த அப்படம் 1993 முதல் 1998 வரையிலான அரசியல் மோதலை மையமாகக் கொண்டது. 1999 ஏப்ரலில் வான் அசிசா தலைமையில் கட்சி தோன்றியதும், அவ்வாண்டே அவர் பெர்மாத்தாங் பாவ் தொகுதியில் வென்றதும், 2018இல் துணைப் பிரதமரானதும் அக்கால எல்லைக்கு அப்பாற்பட்டவை. சூகி பிரிந்து சென்று தலைவரானார். வான் அசிசா இருந்தவாறே தலைவரானார். காத்திருப்பவரே களத்திற்கு வந்த அக்கதை விரிவாகச் சொல்லப்பட வேண்டிய ஒன்று. அக்கதைக்குரிய இடங்களுள் ஒன்று சுங்கை பூலோ.

இன்றைய வாசிப்பு

2011இல் பார்த்த படத்தை இன்று அவ்வாறே பார்க்க முடியாது. 2017இல் மியன்மார் இராணுவ நடவடிக்கையால் 7 இலட்சத்திற்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் வங்காளதேசத்திற்கு ஓடினர். ஏரிஸ் காத்திருந்த அதே ஆக்ஸ்ஃபோர்டின் நகர மன்றம் அவ்வாண்டே சூகிக்கு வழங்கிய சிறப்பைத் திரும்பப் பெற்றது. 2019இல் அவர் அனைத்துலக நீதிமன்றத்தில் தம் நாட்டின் சார்பில் வாதிட்டார். 2021 பிப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்து அவரையே மீண்டும் சிறைப்படுத்தியது. நமக்கு அண்மையிலுள்ள செலாயாங் வட்டாரத்தில் ரோஹிங்யா குடும்பங்கள் வாழ்கின்றன. கணவன் ஒரு நாட்டிலும் மனைவி மற்றொரு நாட்டிலுமாகப் பிரிந்து வாழ்வோர் அம்மக்களிடையே உண்டு.

பின்னர் நிகழ்ந்தவற்றுக்காக முன்னர் எடுத்த படத்தைப் பழித்தல் முறையன்று. ஆனால், தனிவாழ்வில் பெரிதாக இழந்தவர் பொதுவாழ்வில் பிழை செய்யார் என்னும் எண்ணத்தைப் படம் நம்முள் விதைத்தது என்பதைச் சுட்டத்தான் வேண்டும். தியாகம் மதிக்கத்தக்கது, அது பிற்காலச் செயல்களுக்கு முன்கூட்டியே வழங்கப்பட்ட மன்னிப்பாகாது.

முடிவுரை

இப்படத்தை வகுப்பறையில் காட்டலாமா என்று ஆசிரியர் சிலர் தயங்கக்கூடும். காட்டலாம் என்பதே நம் முடிவு. அகத்திணை மரபை இக்கால வாழ்வோடு பொருத்திக் காட்ட இது நல்ல சான்றாகும். ஆயினும், படம் முடிந்தபின் மாணவரிடம் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும்: இக்கதையில் காத்திருந்தும் பெயர் பெறாதவர் யாவர்? இவ்வூரில் வளரும் மாணவர்க்கு அதற்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.