திரையில் திரும்பும் நெஞ்சு

பேராதனையில் மருத்துவபீடம் 1962இல் தொடங்கியபோது உடற்கூற்றியல் என்றால் பிரேத மேசையும் தடித்த புத்தகமும்தான். இன்று முப்பரிமாணச் செயலி ஒன்றால் கைபேசித் திரையிலேயே முழு உடலும் சுழல்கிறது.

அப்படிச் சுழற்றிப் பார்ப்பதில் எனக்குப் பிடித்தது இடப்பக்க மீள்குரல்வளை நரம்பு. வேகஸ் நரம்பு கழுத்தைத் தாண்டி நெஞ்சுக்குள் இறங்கிய பிறகே இந்தக் கிளை பிரியும். பெருநாடி வில்லின் அடியால் வளைந்து, மறுபடி மேலேறிக் குரல்வளைக்குப் போகும். வீண் அலைச்சல்தான்! தட்டையான படத்தில் இந்தச் சுற்று பிடிபடாது. திரையிலோ விலா எலும்புகளை மறைத்து, நுரையீரலை விலக்கி, நெஞ்சைச் சற்றுத் திருப்பினால் கொக்கிபோலத் தெரிகிறது. தவறாக அகற்றிய தசையையும் ஒரு தட்டலில் திரும்ப வைக்கலாம்.

ஆனால் கையில் ஒட்டும் கொழுப்பும், ஆளுக்காள் மாறும் நரம்பின் போக்கும் பிரேத மேசையில்தான். திரையில் எல்லாம் அளவுக்கு மீறிச் சுத்தம்: நரம்புக்கு மஞ்சள், நாளத்துக்கு நீலம்.