நீர்நாய்க்கு ஒரு நிறம், சேரிக்கு?

தாமிரபரணிக் கரையின் வரைபடம் ஒன்று என் முன்னால் கிடக்கிறது. உணர்திறன் மிகுந்த பகுதிகள், அழிவை நெருங்கும் உயிர்களின் வாழிடங்கள் எல்லாம் நிறம் நிறமாக இருக்கின்றன. கணக்கெடுப்பில் நானும் கூட நடந்தேன். நடந்திராவிட்டாலும் இதை விமர்சிக்க எனக்கு உரிமை உண்டு. ஆறு எங்க சேரிக்குப் பின்னாலதான் ஓடுது.

வரைபடமும் ஒரு பிரதிதான். யார் பேசுகிறார்கள், யார் பேச விடப்படவில்லை என்று இதையும் கேட்கலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் ஆறு இது, ஏறத்தாழ 128 கிலோமீட்டர். எந்த மடுவில் நீர்நாய் தங்குகிறது, எந்த மருத மரத்தில் வௌவால் அடைகிறது, எந்தத் திட்டில் நாரை இறங்குகிறது என்று குறித்து வைத்தால்தான், மணல் லாரி இறங்கும்போது 'இங்கே உயிர் இருக்கிறது' என்று மனு எழுத முடியும். நீர்நாய்க்குச் சிவப்பு நிறம் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு. நீர்நாயின் எச்சத்தைக் கண்டு சொன்னது என் பெரியய்யா. கரையோரப் பாறையைக் காட்டி, "இந்தா பாருங்க, மீன் செதிளும் நண்டு ஓடும் கெடக்கு. ராத்திரி வந்திருக்கு. இதே எடத்துலதான் வந்து பேளும்" என்றார். கருவி வைத்திருந்த தம்பி இடத்தைப் பதிந்துகொண்டார். நாலு நாள் நடந்தோம். அச்சான வரைபடத்தின் அடியில் படித்தவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. பெரியய்யா மட்டும் 'உள்ளூர்வாசிகள்' ஆகிவிட்டார்.

ஓரத்தில் ஆபத்துகளின் பட்டியல். மணல் அள்ளுதல், கழிவுநீர், அப்புறம் 'மனிதத் தொந்தரவு'. இந்தச் சொல்லுக்குள்தான் சாதி ஒளிந்திருக்கிறது. எந்த மனிதர்? எங்க ஊரில் மேலத் தெருவுக்குக் கல் பாவிய படித்துறை. அதற்குக் கீழே, அவர்கள் குளித்த தண்ணி வந்து சேரும் இடத்தில் எங்க துறை. அதற்கும் கீழே எங்க சுடுகாடு. வரைபடத்தில் மேலத் தெருப் படித்துறை 'பாரம்பரிய இடம்'. எங்க துறையும் கோரை அறுக்கிற இடமும் சுடுகாடும் 'தொந்தரவு'. லாரி வைத்து மணல் அள்ளுகிறவனுக்கும் துணி துவைக்கிற எங்க அம்மாவுக்கும் ஒரே புள்ளி.

வரைபடத்தின் மேல்பகுதிக்கு, மலைக்குப் போவோம். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,374 ஏக்கர் காட்டை ஒரு கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. காட்டை வெட்டித் தேயிலை போட மலையேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதி நம்ம சனம். 1988இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. 2024இல் மாஞ்சோலைத் தொழிலாளிகளைக் கீழே இறங்கச் சொன்னார்கள். காடு திரும்பட்டும், சரி. காட்டை அழித்த லாபம் ஒருவனுக்கு, காட்டைத் திருப்பிக் கொடுக்கும் பாரம் இன்னொருவனுக்கு என்றால் அது என்ன சூழலியல்?

அந்த மாஞ்சோலைத் தொழிலாளிகளுக்காகத்தான் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்து விரட்டியதில் 17 பேர் செத்தார்கள். பலர் ஆற்றில் மூழ்கினார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் ஒன்று. இந்த வரைபடத்தில் கொக்கிரகுளம் நீர்ப்பறவை இறங்கும் ஒரு புள்ளி, அவ்வளவுதான்.

இப்படித்தான் வரைய முடியும் என்று சொல்லாதீர்கள். இதே ஆற்றங்கரைத் திருப்புடைமருதூரில் ஊர் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. 2005இல் அதைப் பாதுகாப்பிடமாக அறிவித்தபோது ஊரை யாரும் தொந்தரவு என்று சொல்லவில்லை. காவல் என்றார்கள். ஊர் காவல் ஆகலாம் என்றால் சேரி ஏன் ஆகக்கூடாது?

வரைபடத்தைக் கிழிக்கச் சொல்லவில்லை. திருத்தச் சொல்கிறேன். இடம் காட்டியவர் பெயரைப் போடுங்கள். தொந்தரவு என்றால் யார் செய்வது, எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். எந்தத் துறை யாருடையது என்று குறியுங்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் கரைக்கு நிறம் பூசாதீர்கள்.

பெரியய்யாவுக்கு எழுத்து தெரியாது. வரைபடத்தை விரித்து வளைவு வளைவாகச் சொன்னேன். சிவப்புப் புள்ளி ஒன்றில் விரலை வைத்தார். "இங்கன இப்ப இல்லலே. மணலு போனதும் அடுத்த மடுவுக்குப் போயிட்டு. மாத்தச் சொல்லு."

பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.