எறிபொருட் கணக்கின் குணமும் குற்றமும்

பௌதிக சாஸ்திரத்தில் அடியெடுத்து வைக்கும் மாணாக்கர்களுக்கு, சாய்வாக எறியப்பட்ட கல் எவ்வளவு உயரம் எழும்பும், எத்தனை விநாடி பறக்கும், எவ்வளவு தூரத்தில் விழும் என்று வினவும் கணக்குகள் நெடுங்காலமாகப் பயிற்றுவிக்கப்பட்டு வருகின்றன. பரீட்சையில் மதிப்பெண் தேடித்தரும் சாதனமாக அவற்றைப் போற்றுகிறவர்கள் பலர். மாணாக்கரின் சிந்தனைக்கு அவற்றால் விளையும் நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்ப்பவர்களோ மிகச் சிலர்.

முதலில் அம்முறையின் குணத்தை நோக்குவோம். சமதரையிலிருந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 30 பாகைச் சாய்வில், ஒரு கல் எறியப்படுகிறது என்று கொள்வோம். அவ்வேகத்தைச் செங்குத்தாக 10 மீட்டர், கிடைமட்டமாக 17.3 மீட்டர் என இரு கூறுகளாகப் பிரித்து, பூமியின் ஆகர்ஷணத்தால் விளையும் முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால், செங்குத்து வேகம் ஒரு விநாடியில் அற்றுப்போகிறது. அதற்குள் கல் 5 மீட்டர் எழும்பிவிடுகிறது. இறங்கவும் ஒரு விநாடி ஆவதால், தளராத கிடைமட்ட வேகம் அந்த 2 விநாடிகளில் அதனை 34.6 மீட்டர் தூரத்தில் கொண்டு சேர்க்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் வளைந்த பாதையை, ஒன்றையொன்று பாதிக்காத இரண்டு நேர்கோட்டு இயக்கங்களாகக் காணவும், அவ்விரண்டையும் பிணைப்பது காலம் ஒன்றே என்று தெளியவும் ஓர் இளம் உள்ளம் கற்றுக்கொள்ளுமானால், அது சாமானியமான பேறு அன்று. பீரங்கிக் குண்டு முதலில் நேராகச் சென்று, பின்பு வளைந்து, முடிவில் நேராக வீழ்கிறது என்று கற்றோரும் நம்பியிருந்த ஐரோப்பாவில், கலிலியோ 1638-ஆம் ஆண்டில் லைடன் நகரில் வெளியான தம் நூலில், அப்பாதை பரவளைவே என்று நிறுவியது இப்பகுப்பு முறையைக் கொண்டுதான்.

இனிக் குற்றங்களுக்கு வருவோம். நெடுக்கத்துக்கு ஒரு சூத்திரம், உயரத்துக்கு ஒரு சூத்திரம், பறக்கும் நேரத்துக்கு ஒரு சூத்திரம் என்று மனப்பாடம் செய்விக்கும் வழக்கம், முறையின் உயிரை நீக்கி உடலை மட்டும் கையில் தருகிறது. அதே கல்லை 15 மீட்டர் உயரமுள்ள ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து எறிந்தால், அது 3 விநாடி பறந்து, ஏறத்தாழ 52 மீட்டர் தள்ளி விழும். சூத்திரத்தை மட்டும் நம்பியவனோ, எறிந்த மட்டத்திலேயே விழும் பொருளுக்குத்தான் அது செல்லும் என்பதை அறியாமல், மறுபடியும் 34.6 என்றே எழுதுவான். பாதையின் உச்சியில் கல்லின் வேகம் என்ன என்று கேட்டால், பூஜ்யம் என்று விடை கூறுபவர்கள் உண்டு. அங்கே அற்றுப்போவது செங்குத்துக் கூறு மட்டுமே, 17.3 மீட்டர் வேகமும் கீழ்நோக்கிய முடுக்கமும் சற்றும் குறையாமல் இருக்கின்றன என்ற தெளிவு, எத்தனை கணக்குகளைச் செய்தாலும் சூத்திரத்தின் வழியே வந்து சேர்வதில்லை.

எல்லாவற்றினும் பெரிய குற்றம், 'காற்றின் தடையைப் புறக்கணிக்க' என்ற வாக்கியத்தை ஒரு சடங்காக எழுதிவிட்டு அப்பால் செல்வதாகும். விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் விரையும் கிரிக்கெட் பந்தின்மீது காற்று செலுத்தும் தடை, அப்பந்தின் எடைக்கு ஏறக்குறைய ஒப்பானது; அவ்வளவு பெரிய விசையைப் புறக்கணித்துப் பெறும் 160 மீட்டர் நெடுக்கம் எந்த மைதானத்திலும் மெய்ப்படாது. இன்னும் கூர்ந்து நோக்கினால், அத்தகைய வேகத்தில் தடையானது மொத்த வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வதால், கிடைமட்ட வேகம் மிகுந்தால் செங்குத்து இயக்கமும் தளர்கிறது. ஆகவே இரு கூறுகளும் ஒன்றையொன்று பாதிக்கமாட்டா என்ற மூல சித்தாந்தமே, காற்றில்லா வெளி அளித்த சலுகை என்பது புலனாகும். இதனைக் கலிலியோ மறைக்கவில்லை. காற்றின் இடையூற்றையும், செங்குத்துக் கோடுகள் யாவும் பூமியின் மையத்தை நோக்கிக் குவிவதையும் அவர் அந்நூலிலேயே ஆட்சேபங்களாக எழுப்பி, தம் முடிவு எவ்வெல்லைக்குள் செல்லும் என்று விவாதித்திருக்கிறார். 1742-இல் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ், குண்டுகளின் வேகத்தை ஊசல் கொண்டு அளந்து, விரைந்து செல்லும் குண்டுக்குப் பரவளைவு சிறிதும் பொருந்தாது என்று காட்டினார். நம் பாடநூல்களோ அவர்களுடைய முடிவை ஏற்று, அவர்கள் காட்டிய எச்சரிக்கையைக் கைவிட்டுவிட்டன.

ஆயினும் இக்கணக்குகளை நீக்கிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம் அன்று. மெதுவாக எறியப்படும் கனத்த இரும்புக் குண்டுக்கு அம்முடிவுகள் பெரிதும் பொருந்துகின்றன; மேலும், எளிமையாக்கப்பட்ட உலகில் தேறாத அறிவு சிக்கலான உலகில் நிலைகொள்ளாது. வேண்டுவது பயிற்றும் முறையில் ஒரு மாற்றமே. சூத்திரப் பட்டியலை ஒதுக்கி, படமும் இரு அச்சுகளும் வரைந்து ஒவ்வொரு கணக்கையும் தொடக்கத்திலிருந்தே செய்விக்க வேண்டும். விடை கிடைத்தபின், அது அனுபவத்துக்கு ஒத்ததா, எந்த அனுமானம் பிழைத்தால் அது பிழைக்கும் என்று இரண்டொரு வாக்கியங்கள் எழுதச் செய்து, அவற்றுக்கும் மதிப்பெண் வழங்க வேண்டும். கல் எங்கே விழும் என்று சொல்வதோடு, அச்சொல் எதுவரை செல்லும் என்றும் சொல்லத் தெரிந்தவனே பௌதிகம் கற்றவன். அவ்விரண்டாம் பகுதியையும் கற்பிக்காத வரையில், இக்கணக்குகளால் நம் பிள்ளைகள் பெறுவது பாதிக் கல்வியே.