இரும்பை அடிப்பது யார்?

ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல், அதற்கு மேல் ஒரு தொழிலாளியின் காதுக்குச் சத்தம் போகக்கூடாது என்பது நம் நாட்டு விதி. அதனால் நாள் முழுக்கக் காது அடைப்பானோடு திரிகிறேன். சாயங்காலம் காரில் ஏறியதும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரும்புத் தகட்டையும் ஸ்பிரிங்கையும் அடித்துத் தேய்த்து இசையாக்கிய ஒரு ஜெர்மன் குழுவைக் கேட்கிறேன். "பகல் முழுக்க கேட்டது பத்தலையா?" என்று அம்மா கேட்பார். நியாயமான கேள்விதான். ஏழெட்டு வருஷமாக அதற்கு என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை.

குழுவின் பெயர் அய்ன்ஸ்டூர்ட்சென்டே நொய்பவுட்டன். இடிந்து விழும் புதுக் கட்டடங்கள் என்று பொருள். 1980 ஏப்ரலில் மேற்கு பெர்லினில் தொடங்கியது. அடுத்த மாதமே அதே நகரில், 1957இல் கட்டிய மாநாட்டு மண்டபத்தின் கூரையில் ஒரு பகுதி நிஜமாகவே இடிந்து விழுந்து ஒருவர் செத்துப்போனார். ரசிகர்கள் இதை ஏதோ தீர்க்கதரிசனம் மாதிரிப் பேசுவார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பெயர் வைப்பது விளையாட்டு. கூரை விழுவது அப்படியில்லை.

பண நெருக்கடியில் டிரம் செட்டை விற்றுவிட்ட ஆண்ட்ரு உன்ரூ, கிடைத்த இரும்பையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து அடிக்கத் தொடங்கினார். அவரும் பாடகர் பிளிக்சா பார்கெல்டும் அந்த ஆண்டே ஒரு நெடுஞ்சாலைப் பாலத்தின் உள்ளே இருந்த பொந்துக்குள் புகுந்து ஒலிப்பதிவு செய்தார்கள். 1981இல் 'கொலாப்ஸ்' என்ற முதல் ஆல்பம் வந்தது. பல்கலைக்கழக விடுதியில் அதை முதன்முதலில் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வாத்தியம் வாங்க வக்கில்லாதவனும் இசை செய்யலாம், அதுவும் யாரையும் பார்த்துக் காப்பியடிக்காமல் செய்யலாம் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ரொம்ப நாள் கழித்து, பாட்டியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும்போது காரில் அந்த ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கப் போனேன். "இருக்கட்டும்" என்றார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் சீவியவர் அவர். இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது. பெரட்டுக் களத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களாம். விடிவதற்கு முன்னால் அதை அடித்தால் லயத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியுமாம். கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "யாருய்யா அடிக்கிறது?" என்றார்.

"வெள்ளக்காரன், பாட்டி."

"எதுக்கு அடிக்கிறான்?"

"சும்மாதான். பாட்டு இது."

"சும்மாவா?" என்றார். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை.

அந்த "சும்மாவா" எனக்கு ஒரு விமர்சன அளவுகோலாகிவிட்டது. அதை வைத்து இந்தக் குழுவைத் திரும்பவும் முதலிலிருந்து கேட்டேன்.

ரசிகர்கள் கொண்டாடும் சம்பவம் ஒன்று உண்டு. 1984 ஜனவரி 3, லண்டனின் ஐசிஏ கலைக்கூடம். குழுவில் சிலரும் நண்பர்களும் சேர்ந்து சிமெண்ட் கலக்கும் இயந்திரம், துளைப்பான், ரம்பம் எல்லாவற்றையும் மேடையில் ஏற்றினார்கள். மேடையையே உடைக்க ஆரம்பித்தார்கள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அரங்கத்தார் நிறுத்திவிட்டார்கள். கூட்டமும் சேர்ந்து உடைத்தது. நானும் இதை நண்பர்களிடம் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்கு யோசித்தால், குழுவின் கதையிலேயே பலவீனமான இடம் அதுதான். துளைப்பானைப் பிடிப்பவனின் கை மரத்துப்போவது என் வேலையில் அன்றாடம் பார்க்கும் விஷயம். அந்த மேடையில் இயந்திரம் இருந்தது, வேலை இல்லை. வேலை இல்லாத இயந்திரச் சத்தம் வெறும் வேடிக்கை. பாட்டி கேட்ட இரண்டு கேள்விக்கும் அங்கே பதில் கிடையாது.

'இண்டஸ்ட்ரியல்' என்று பெயர் வைத்துக்கொண்ட இந்த இசை வகை முழுக்கவே இந்தக் குறை இருக்கிறது. ஆலை இருக்கும், ஆலைக்குள் ஆள் இருக்கமாட்டார். பாழடைந்த தொழிற்சாலை அழகாக இருக்கிறது என்று சொல்ல, அங்கே வேலை செய்யாத ஒருவரால்தான் முடியும். தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய ஈயக்கப்பலைப் பார்க்கப் போனபோது நானும் அப்படித்தான் வாய் பிளந்து நின்றேன். 4,500 டன் இரும்பு, சத்தமே இல்லாமல் தண்ணீரில் நிற்கிறது. அழகுதான். அது ஓடிய காலத்தில் உள்ளே நின்றவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்குமா?

ஆனால் குழு அங்கேயே நின்றுவிடவில்லை, அதனால்தான் இன்னும் கேட்கிறேன். 1985இல் வந்த ஆல்பத்துக்கு 'ஹால்பர் மென்ஷ்' என்று பெயர். அரை மனிதன். இலங்கை மலையகத் தோட்டங்களில் பாதி நாள் கூலியை 'அரைப் பேர்' என்பார்கள். இந்த ஒற்றுமை தற்செயல்தான். ஆனாலும் ஜெர்மன்காரர்கள் உருவகமாகச் சொன்னதை நம்மவர்கள் கணக்காகவே எழுதியிருக்கிறார்கள்.

அவர்களுடைய உச்சம் என்று நான் நினைப்பது 2014இல் வந்த 'லாமென்ட்'. முதல் உலகப்போரின் நூற்றாண்டுக்காக, பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்டே நகரம் கேட்டுக்கொண்டதால் செய்தது. அதில் போரைத் தாளமாக மட்டுமே சொல்லும் ஒரு பகுதி இருக்கிறது. வரிசையாக பிளாஸ்டிக் குழாய்கள், ஒவ்வொன்றும் ஒரு நாடு. ஒரு அடி என்றால் ஒரு நாள். போரில் ஒரு நாடு இறங்கும்போது அதன் குழாய் தாளத்தில் சேரும், விலகினால் நின்றுவிடும். நிமிடத்துக்கு 120 அடி, மொத்தம் 13 நிமிடம். அலறல் இல்லை, உடைப்பு இல்லை. எண்ணிக்கை மட்டும்தான். முதல் முறை கேட்டபோது பாதியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

காரணம், அது எனக்குத் தெரிந்த ஒன்று. தோட்டத்தில் கிராணி எழுதும் செக்ரோல். பெரட்டில் ஆள் நின்றால் பேருக்கு நேராக ஒரு குறி, நிற்காவிட்டால் இல்லை. ஒரு நாள், ஒரு குறி. பாட்டியின் முப்பது வருஷத்தை வருஷத்துக்கு 300 நாள் என்று வைத்தால் 9,000 குறி. 'லாமென்ட்' வேகத்தில் வாசித்தால் 75 நிமிடம். ஒரு முழு ஆல்பத்தின் நீளம்.

குறை இதிலும் உண்டு. குழாய்க்கு நாட்டின் பெயர் இருக்கிறது, செத்தவன் பெயர் இல்லை. செக்ரோலில் பெயர் இருக்கிறது, அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை. ஆனாலும் "சும்மாவா?" என்ற கேள்விக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்கக்கூடிய பகுதி என்று இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு அடிக்கும் இங்கே ஒரு காரணம் இருக்கிறது.

போன மாதம் பாட்டிக்கு அதைப் போட்டுக் காட்டினேன். இப்போது காது அவ்வளவாகக் கேட்பதில்லை. குழாய்ச் சத்தத்துக்கு விரலால் முட்டியில் தட்டிக்கொண்டே இருந்தார். முடிந்ததும், "இவன் கணக்குத் தப்பல" என்றார். ஜெர்மன் இசைக்கு நான் கேட்ட நல்ல விமர்சனங்களில் இதுவும் ஒன்று.