எண்ணைச் சுமக்கும் சொற்கள்

மேல்பத்தூர் நாராயண பட்டதிரி தம் நாராயணீயத்தை 'ஆயுராரோக்யசௌக்யம்' என்று முடித்தார். நீண்ட ஆயுளும் நோயற்ற உடம்பும் சுகமும் வேண்டும் வாழ்த்து அது. யார் வாயிலும் வரக்கூடியது. கடபயாதி முறைப்படி அதன் எழுத்துகளை எண்ணாக்கி வலமிருந்து இடமாகப் படித்தால் 1712210. கலியுகம் பிறந்து அத்தனையாவது நாளில், 1586-ஆம் ஆண்டில், நூல் நிறைவுற்றது. தம் வாழ்வின் பெரிய நாளை அவர் ஊருக்கான வாழ்த்துக்குள் வைத்துவிட்டுப் போனார். எழுத்தில் எண் காணும் கலையை நான் போற்றுவது இந்த நினைவுத் திறனுக்காகத்தான். அதனிடம் எதிர்காலத்தைக் கேட்க வேண்டியதில்லை.

அதன் முழு அழகும் மேளகர்த்தா ராகங்களில் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் வேங்கடமகி வகுத்த 72 மேளங்களுக்குப் பின்வந்தவர்கள் சூட்டிய பெயர்களில், முதல் இரண்டு எழுத்தே வரிசை எண். பழைய கல்யாணிக்கு முன்னால் 'மேச' சேர்ந்தது: மகரம் 5, சகரம் 6, திருப்பினால் 65. சங்கராபரணம் 'தீர' பெற்று 29 ஆனது. அந்த அடைமொழி ராகத்தின் கம்பீரத்துக்கும் பொருந்திவிட்டது. 72-இன் முதல் பாதிக்கு ஒரு மத்திமம், மறுபாதிக்கு இன்னொன்று; 65-இல் அந்தப் பாதியான 36 போனால் அதே 29. இரண்டுக்கும் மத்திமம் மட்டுமே வேறு என்பது பாடும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஆறாறு மேளங்களாகப் பிரித்த சக்கரங்களில் 29, ஐந்தாம் சக்கரத்தின் ஐந்தாவது மேளம். சக்கரத்தின் பெயர் பாண, மன்மதனின் ஐந்து கணைகள். சதுஸ்ருதி ரிஷபம் முதல் காகலி நிஷாதம் வரை எல்லா ஸ்வரங்களையும் இந்த ஒரே எண்ணிலிருந்து விரல்விட்டு எண்ணி எடுத்துவிடலாம்.

எண்ணுக்காகப் பெயரை வளைத்ததில் என்ன கலை என்று கேட்கலாம். வளைத்தது உண்மை. கூட்டெழுத்தில் விதியே மாறுகிறது: சூர்யகாந்தத்தில் 'ர்ய'வின் யகரத்தைக் கொண்டு 17, சக்ரவாகத்தில் 'க்ர'வின் ககரத்தைக் கொண்டு 16. ரகரத்தை எடுத்தால் 26 வந்து சாருகேசியோடு மோதும். இது குறைதான். ஆனால் எதுகைக்குக் கட்டுப்பட்டதற்காகப் புலவனை நாம் குறைத்து மதிப்பதில்லையே! பெயர் எண் சோதிடமும் இதுவும் ஒன்றுதானே என்பார்கள். இல்லை, இங்கே தப்பு உடனே பிடிபடும். கரகரப்பிரியாவைத் தமிழ் எழுத்துப்படியே கணக்கிட்டால் 21, கீரவாணி வந்து நிற்கும். வடமொழியின் இரண்டாம் ககரத்துக்குரிய 2-ஐப் போட்டால்தான் 22. அதிர்ஷ்டத்துக்காகப் பெயரில் எழுத்து கூட்டுகிறவர்களிடம் இப்படிச் சரிபார்க்க என்ன இருக்கிறது? அடுத்த கச்சேரியில் தர்மவதி என்று அறிவித்தால் எண்ணிப் பாருங்கள். வடமொழியின் நான்காம் தகரம் 9, மகரம் 5, ஆக 59. அதில் 36 போக 23, கௌரிமனோகரி.